சங்குக் கடையில் லேசர் மிஷின்: பச்சைக் கண்ணாடி போதுமா?

தம்பி, நீங்கள் கேட்டது ஒரே வரி: மிஷினோடு வந்த பச்சைக் கண்ணாடி போதுமா, வேறு வாங்க வேண்டுமா. ஆனால் அந்த வரிக்கு முன்னால் எழுதியிருக்கும் விவரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ராமேஸ்வரத்தில் அப்பாவின் சங்குக் கடை. எவர்சில்வர், செம்பு, பித்தளைச் சொம்புகளில் பெயர் வெட்ட 20 வாட் ஃபைபர் லேசர் மிஷின் ஒன்று. சங்கிலும் பனம்பலகையிலும் படம் போட 10 வாட் நீல டயோடு மிஷின் இன்னொன்று. இரண்டும் கடை முகப்பிலேயே, மேஜை மேல், மூடி எதுவும் இல்லாமல். மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆனால் கண் எரிகிறது. வாங்க வருகிறவர்கள் குனிந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அப்பாவோ ‘கூலிங் கிளாஸ் போட்டுக்க, போதும்’ என்கிறார். ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது இது: இந்த எரிச்சல் லேசரால் வந்ததா, என் கண் ஏற்கெனவே கெட்டுவிட்டதா, கூட இருப்பவர்களுக்கு என்ன ஆகும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கண்ணாடி விஷயம் நடுவில் வந்துவிடும்.

முதலில் என்னைப் பற்றி. நான் டாக்டர் இல்லை. சொந்த ஊர் மண்டபம் பக்கம். இருபது வருஷத்துக்கு மேலாகக் கண் மருத்துவமனைகளில் லேசர் கருவிகளைப் பழுது பார்ப்பதும், பவர் அளந்து சரிசெய்து கொடுப்பதும்தான் தொழில். லேசர் கண்ணை என்ன செய்யும், எதை வைத்துத் தடுக்கலாம் என்பதைத் தைரியமாகச் சொல்வேன். உங்கள் கண்ணுக்குள் இப்போது என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல என்னால் முடியாது. சொட்டு மருந்து போட்டுக் கண் பாப்பாவை (ஒளி உள்ளே போகும் நடுத் துளையை) விரித்து, உள்ளே பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் போட்டிருக்கும் கண்ணாடியின் போட்டோவைப் பார்த்து ‘இது நல்லது’ என்றும் சொல்லமாட்டேன். காரணம் பிறகு வரும்.

எரிச்சலை எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொல்கிற மாதிரி இரண்டு கண்ணிலும் சாயங்காலமானால் எரிவதும், கரகரப்பதும், காலையில் எழுந்தால் சரியாகிவிடுவதும் பெரும்பாலும் கண்ணின் மேற்பரப்புச் சங்கதி. அதற்கு உங்கள் கடையில் காரணங்களுக்குக் குறைவே இல்லை. சங்கின் மேல் கறுப்பு மார்க்கர் பூசி நீல லேசரால் எரிக்கிறீர்கள். அந்த மையும் புகைகிறது, சங்கு ஓட்டுக்குள் இருக்கும் புரதப் பசையும் கருகுகிறது. நகம் கருகுகிற மாதிரி ஒரு வாடை வருகிறதே, அதுதான். அதோடு கடல் காற்றின் உப்பு, கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் பறக்கிற மணல், மணிக்கணக்கில் இமைக்க மறந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பது. சாவிக்கொத்துக்கு ரெக்சின் வெட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பி.வி.சி. பூச்சுள்ள ரெக்சினாக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பி.வி.சி. எரியும்போது வருவது ஹைட்ரஜன் குளோரைடு வாயு. ஈரம் பட்டால் அது அமிலம். கண்ணீரிலும் ஈரம் உண்டு, தொண்டையிலும் உண்டு. மிஷினின் தண்டவாளமும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஆக, எரிச்சல் புகையால் என்பது என் ஊகம், நல்ல ஊகம்தான். ஆனால் அதை வைத்து ‘அப்போ லேசர் படவில்லை’ என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது. அங்கே சூடு வைத்தாலும் எரியாது, நோகாது, கண்ணீர் வராது. உங்கள் கண் எரிகிறது என்பதால் லேசர் பட்டுவிட்டது என்றும் ஆகாது. எரியவில்லை என்பதால் படவில்லை என்றும் ஆகாது. இந்த ஒரு விஷயத்தை அப்பாவுக்குப் புரிய வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஃபைபர் மிஷினின் கதிர் 1064 நானோமீட்டர் அலைநீளம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணின் முன்பகுதி 400 முதல் 1400 நானோமீட்டர் வரை உள்ள ஒளியை உள்ளே விட்டுவிடும். இந்தக் கதிர் அதற்குள் வருகிறது. பார்வைக்குத் தெரியாவிட்டாலும் கருவிழியைத் தாண்டி, லென்ஸைத் தாண்டி, விழித்திரை வரை போகும். போகிற வழியில் லென்ஸ் அதைக் குவித்தும் கொடுக்கும். கருவிழிமேல் ஒரு சதுர மில்லிமீட்டரில் விழுகிற ஒளி, விழித்திரையில் புள்ளியாகக் குவியும்போது கிட்டத்தட்ட ஒரு லட்சம் மடங்கு செறிவாகிவிடுகிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடி வைத்து வெயிலில் காகிதம் எரித்திருப்பீர்கள். அந்தப் பூதக்கண்ணாடி நம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

என் தொழிலிலிருந்து ஒரு கணக்கு சொல்கிறேன். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கு டாக்டர்கள் 532 நானோமீட்டர் பச்சை லேசரால் சூடு வைப்பார்கள். வேண்டுமென்றே தழும்பு உண்டாக்கும் சிகிச்சை அது. அதற்குச் சாதாரணமாக 200, 300 மில்லிவாட், அதுவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். உங்கள் மிஷின் 20,000 மில்லிவாட். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு லென்ஸின் பின்சவ்வு மங்கினால் அதைக் கிழித்துவிடும் யாக் லேசரும் உங்கள் மிஷினின் அதே 1064தான். அதில் ஒரு துடிப்புக்கு ஒன்றிரண்டு மில்லிஜூல். உங்கள் மிஷினை 20 கிலோஹெர்ட்ஸில் வைத்து முழு பவரில் ஓட்டினால் ஒரு துடிப்புக்கு ஒரு மில்லிஜூல் வரும். டாக்டர் ஒன்றொன்றாக எண்ணி அடிக்கிறார். மிஷின் நொடிக்கு 20,000 அடிக்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் இமை மூடக் கால் நொடி ஆகும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கால் நொடிக்குள் 5,000 துடிப்பு. இங்கேயோ வெளிச்சமே தெரியாது என்பதால் இமை மூடவும் காரணம் இல்லை.

இதோடு ஒட்டிய ஒரு தப்பு எல்லாக் கடைகளிலும் நடக்கிறது. பெயர் எங்கே விழும் என்று காட்ட ஒரு சிவப்புக் கோடு ஓடும் அல்லவா, அதைத்தான் லேசர் என்று நினைக்கிறார்கள். அது சும்மா வழிகாட்டி, லேசர் பாயிண்டர் மாதிரி ஒரு மில்லிவாட் சுமாருக்கு. வெட்டுகிற கதிர் வேறு. சிவப்பு அணைந்து, உலோகத்தில் பொறி பறக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். சிவப்பு எரியும்போது ஒதுங்கி நின்று, வெட்டும்போது குனிந்து பார்க்கிறார்கள் ஜனங்கள். நேர்மாறாகச் செய்கிறார்கள்.

‘கதிர் நேராகக் கீழே, பாத்திரத்தின் மேல்தானே விழுகிறது, என் கண்ணுக்கு எப்படி வரும்?’ இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்பார்கள். வருவது பாத்திரத்திலிருந்து. கதிர் லென்ஸில் 7 மில்லிமீட்டர் அகலம், லென்ஸின் குவிய தூரம் 160 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குவியத்தில் ஒரு பளபளப்பான தட்டையான தகடு இருந்து, கதிர் கண்ணாடியில் பட்ட மாதிரி திரும்பினால், ஒரு மீட்டர் தள்ளி அது நாலரை சென்டிமீட்டர் வட்டமாக விரிந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிய பாப்பா அந்த வட்டத்திலிருந்து 90 மில்லிவாட்டை உள்ளே வாங்கும். உலோகம் பாதியைத்தான் திருப்பியது என்றால் 45. பாயிண்டருக்குப் பல நாடுகளில் வைத்திருக்கும் பாதுகாப்பு எல்லையே 1 மில்லிவாட். இது என் கைக்கணக்கு, உங்கள் மிஷினில் அளந்தது அல்ல. பாத்திரத்தின் வளைவு ஒளியை இன்னும் விரித்து இந்த எண்ணைக் குறைக்கும். தட்டின் குழிவான உள்பக்கம் குவித்து ஏற்றிவிடவும் செய்யும். செம்பும் பித்தளையும் இந்த அலைநீளத்தை நன்றாகத் திருப்பி அடிக்கும் உலோகங்கள். செம்பில் பெயர் விழவே பவரை ஏற்ற வேண்டியிருப்பதன் காரணம் அதுதான். சொம்பை ரோட்டரியில் சுழற்றி வெட்டும்போது அந்தப் பிரதிபலிப்பு பாம்பன் கலங்கரை விளக்கின் வெளிச்சம் மாதிரி கடைக்குள் துடைத்துக்கொண்டு போகும். வித்தியாசம், கலங்கரை விளக்கின் ஒளி கண்ணுக்குத் தெரியும்.

சொரசொரப்பான பொருளில் பட்டுச் சிதறுகிற ஒளி இதைவிடச் சாது. தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகிவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, மேட் ஃபினிஷ் பலகையில் விழும் புள்ளியை ஒரு கணம் பார்த்தவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லலாம். ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தவருக்கு அப்படிச் சொல்லமாட்டேன். 500 மில்லிவாட்டுக்கு மேலே போனாலே நாலாம் வகுப்பு லேசர், ஆபத்தில் மேல்படி. அந்த வகுப்பின் இலக்கணத்திலேயே சிதறல் ஒளியும் ஆபத்து என்பது சேர்ந்திருக்கிறது. உங்கள் இரண்டு மிஷினும் நாலாம் வகுப்புதான். அட்டைப்பெட்டியில் ‘கிளாஸ் 1’, அதாவது ஆபத்தில்லாத முதல் வகுப்பு, என்று அச்சடித்திருந்தால் அது முழுக்க மூடிய மிஷினுக்குப் பொருந்தும் பேச்சு. மூடியைக் கழற்றினால் அந்த வார்த்தை செல்லாது.

நீல மிஷின் வேறு ரகம். 445 முதல் 455 நானோமீட்டருக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியும், கூசும். கூசுவதால் விலகிவிடுவோம் என்பது கொஞ்சம் நல்லது. ஆனால் நீல ஒளி சூட்டால் மட்டும் கெடுப்பதில்லை. விழித்திரையில் ரசாயன மாற்றத்தாலும் கெடுக்கும். அந்தக் கேடு ஒரே அடியாக விழாமல், காலையில் பார்த்தது, மதியம் பார்த்தது எல்லாம் ஒரு நாளுக்குள் கூடிக்கொண்டே போகும். வெள்ளைச் சங்கு நல்ல சிதறடிப்பான் வேறு. சின்னப் பிள்ளைகளின் லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவாக இருப்பதால் நீல ஒளியை அதிகமாக உள்ளே விடும். தங்கை எந்த மேஜையில் உட்கார்ந்து படிக்கிறாள் என்று சொன்னீர்களே, அங்கிருந்து அவளை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மற்ற வேலை எல்லாம் ஒரு வாரம் தள்ளினாலும் இதைத் தள்ளாதீர்கள்.

சரி, கண்ணாடி. லேசர் கண்ணாடி குளிர் கண்ணாடி மாதிரி பொதுவாக மங்கலாக்குகிற சாமான் இல்லை. குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் நிறுத்தி, மற்றதை விட்டுவிடும். அதனால் சட்டத்திலோ கண்ணாடியிலோ இரண்டு விஷயம் எழுதியிருக்க வேண்டும்: எந்த அலைநீளத்திலிருந்து எதுவரை, அங்கே ஓ.டி. எவ்வளவு. ஓ.டி. என்பது ஆப்டிகல் டென்சிட்டி. எண் ஒன்று கூடினால் உள்ளே வரும் ஒளி பத்தில் ஒரு பங்காகும். ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 20 வாட் நேராகப் பட்டாலும் ஓ.டி. 4 வழியாக 2 மில்லிவாட் வரும், 6 வழியாக 0.02 மில்லிவாட்தான். ஃபைபருக்கு 1064-ஐ உள்ளடக்கி ஓ.டி. 6, நீலத்துக்கு 450-ஐ உள்ளடக்கி ஓ.டி. 5க்குக் குறையாமல் கேளுங்கள். ஐரோப்பியத் தரமான ஈ.என். 207 எண்ணும், எல்.பி. என்று தொடங்கும் குறியும் இருந்தால் நேரடிக் கதிரைக் கண்ணாடி சில நொடி தாங்குமா என்றும் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில நொடிதான். அதைப் போட்டுக்கொண்டு கதிருக்கு முகம் காட்டச் சொல்லவில்லை.

பச்சை நிறம் எதையும் நிரூபிக்காது. 1064-க்கான கண்ணாடிகள் பல இளம்பச்சையில் வருவது உண்மை. பச்சைச் சாயம் போட்ட சாதாரணப் பிளாஸ்டிக்கும் பச்சையாகத்தான் இருக்கும். மிஷின் வாங்கிய இரண்டு பேர் என்னிடம் கொண்டுவந்த இலவசக் கண்ணாடிகளைப் பவர் மீட்டர் முன்னால் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே அச்சு. ஒன்று சொன்னபடி தடுத்தது, இன்னொன்று தாராளமாக விட்டது. அதனால்தான் போட்டோவைப் பார்த்துச் சான்று தரமாட்டேன் என்றேன். உங்களுடையதில் எண்ணே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அது கண்ணாடி இல்லை, வெறும் பச்சைப் பிளாஸ்டிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீல மிஷினின் ஆரஞ்சுக் கண்ணாடிக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு: அதன் வழியே பார்க்கும்போது புள்ளி இன்னும் நீலமாகவே பளிச்சென்று தெரிந்தால் தூக்கி எறியலாம். ஆனால் நீலம் தெரியவில்லை என்பதால் அது தேறிவிட்டது என்று ஆகாது. 1064-க்கு இந்தச் சோதனையும் இல்லை, கண்ணுக்கே தெரியாத ஒளிக்குக் கண் சாட்சி சொல்ல முடியாது.

இன்னொன்று, ஆரஞ்சு 1064-ஐ நிறுத்தாது. பச்சை 450-ஐ நிறுத்தும் என்ற உறுதியும் இல்லை. இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டினால் என்றைக்காவது மாறிப்போகும். அந்தந்த மிஷினின் சுவிட்சின் மேலேயே அதன் கண்ணாடியைத் தொங்கவிடுங்கள். கண்ணாடியை எடுத்தால்தான் சுவிட்சு கைக்குக் கிடைக்க வேண்டும். மருத்துவமனை லேசர் அறையில் நாங்கள் பழகியது அது.

அப்பாவின் கூலிங் கிளாஸ் பற்றி மரியாதையோடு சொல்கிறேன்: அது இல்லாமல் இருப்பதே மேல். வெளிச்சம் குறைவதால் பாப்பா விரியும், அகச்சிவப்போ அதன் வழியே சுலபமாகப் போகும். கதவை அகலத் திறந்துவைத்துத் திருடனைக் கூப்பிடுகிற மாதிரி. சாதாரணப் பவர் கண்ணாடியும் இதற்கு ஆகாது. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்துக்கு வாங்கிய அட்டைக் கண்ணாடி வீட்டில் இருக்கிறது, அது உதவுமா என்று யாராவது கேட்பார்கள்: சூரிய ஒளிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது, குவிந்த லேசர் பட்டால் அந்தத் தாள் ஓட்டையாகும். வெல்டிங் கண்ணாடியை லேசருக்கு யாரும் சோதித்து எண் போடவில்லை. அதுபோக அதன் இருட்டில் வேலை தெரியாது, இரண்டாவது நிமிஷம் நீங்களே நெற்றிக்கு ஏற்றிவிடுவீர்கள்.

இவ்வளவு நேரம் கண்ணாடியைப் பற்றிப் பேசினாலும், உங்கள் கடைக்கு என் பதில் கண்ணாடி இல்லை. நல்ல கண்ணாடி வாங்கினால் உங்கள் ஒரு ஜோடிக் கண் தப்பும். சொம்பு வாங்க வந்த யாத்ரீகர், அவர் இடுப்பில் இருக்கும் குழந்தை, டீ கொண்டு வருகிற பையன், தெருவில் போகிறவர் எல்லோருக்கும் கண்ணாடி மாட்ட முடியுமா? மிஷினுக்குப் பெட்டி கட்டுங்கள். ஒரு தகர வேலைக்காரரிடம் சொன்னால் இரும்புத் தகட்டிலோ அலுமினியத்திலோ, ஒரு பக்கக் கதவோடு, உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்துச் செய்து தருவார். கதவைச் சாத்தினால் தெருவிலிருந்து எந்தக் கோணத்திலும் வேலை நடக்கும் இடம் தெரியக்கூடாது. ஜன்னல் வைக்காதீர்கள். உள்ளே பார்க்க மலிவான வெப் கேமரா ஒன்றை, கதிரின் பாதைக்குப் பக்கவாட்டில் பொருத்தித் திரையில் காட்டுங்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அந்தத் திரையே நல்ல விளம்பரம். நேரடி அடி பட்டால் கேமரா கெடும். கெடட்டும், இன்னொன்று வாங்கலாம்.

பெட்டிக்கு அக்ரிலிக் போடலாமா என்று கேட்பீர்கள். ஃபைபருக்கு வேண்டாம். தெளிவான அக்ரிலிக் 1064-க்கு ஜன்னல் திறந்த மாதிரி. கறுப்பு அக்ரிலிக்கிலும் சில வகை நம் கண்ணுக்குக் கறுப்பு, அகச்சிவப்புக்குக் கண்ணாடி. எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. நீல மிஷினுக்கென்றே எண் போட்டு விற்கும் ஆரஞ்சுத் தகடு அந்த மிஷினுக்கு மட்டும் சரி. பின்னால் கார்பன் டை ஆக்சைடு லேசர் வாங்கும் எண்ணம் இருப்பதாக எழுதியிருப்பதால் ஒரு வரி: அதன் கதிர் 10,600 நானோமீட்டர், விழித்திரை வரை போகாது, கருவிழியிலேயே நின்று அங்கே சுடும். அது வலிக்கும், உடனே தெரியும். அதைச் சாதாரண அக்ரிலிக்கும் ஜன்னல் கண்ணாடியும் உறிஞ்சிவிடும். அந்த மிஷினின் மூடியைப் பார்த்து ஃபைபருக்கும் அதே மாதிரி செய்துவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

பெட்டிக் கதவில் ஒரு சுவிட்சு வையுங்கள், திறந்தால் லேசர் நிற்கிற மாதிரி. மிஷினின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இதற்கான இணைப்பு இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்துக் கொடுக்கலாம். நம் கடற்கரையில் சுவிட்சு வைத்ததோடு வேலை முடியாது. உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் அதன் முனை துருவேறி ஒட்டிக்கொள்ளும். கதவைத் திறந்தும் சுற்று மூடியே இருக்கும். வாராவாரம் ஒரு நாள், பவரைக் குறைத்து, எண் போட்ட கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தகடு ஒன்றை உள்ளே வைத்துக் கதவைத் திறந்து பாருங்கள், நிற்கிறதா என்று. அவசர ஆர்டர் வரும்போது அந்தச் சுவிட்சை டேப் போட்டு ஒட்டுவார்கள். எங்கள் மருத்துவமனைகளில்கூட ஒருவர் ஒட்டியதை நான் பிடுங்கியிருக்கிறேன். அப்புறம் அந்தக் கால் பெடல். உங்கள் போட்டோவில் அது மேஜைக்கு அடியில் தரையில் கிடக்கிறது, ஓர் அடி தள்ளித் தங்கையின் செருப்பு. லென்ஸைத் துடைக்கும்போது யார் காலாவது பெடலில் பட்டால் போதும். மேலே மூடியுள்ள பெடலாக மாற்றுங்கள், லென்ஸைத் தொடும் முன் சாவியைத் திருகிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். ஒரு முறை பழுது பார்க்கும்போது என் கல்யாண மோதிரத்தில் பட்ட கதிர் எதிர்ச் சுவரில் கோடு போட்டது. அது என் கண் உயரத்தில் இருந்தது. அன்றிலிருந்து அந்த மோதிரம் வேலை நேரத்தில் பர்ஸுக்குள்தான்.

சங்கு வேலைக்குப் பெட்டியோடு புகைபோக்கியும் வேண்டும். எக்ஸாஸ்ட் விசிறி வைத்து, குழாயை ஒரு வளைவு கொடுத்து வெளியே விடுங்கள். நேர்க்குழாய் என்றால் அதன் வழியே ஒளியும் வெளியே போகும். சங்குத் தூளை ஊதிக் கிளப்பாதீர்கள். சங்கும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட். நம் பக்கத்தில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பார்களே, லேசர் படுகிற சின்ன இடத்திலும் சூடு போதுமானால் அதே வேலைதான் நடக்கும். அளவு மிகக் கொஞ்சம், ஒரு சங்குக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நாள் முழுக்க வெட்டிச் சேர்ந்த வெள்ளைத் தூளைத் தட்டும்போது ஒரு பிடி கண்ணில் விழுந்தால் அது வெறும் மண்ணாக நடந்துகொள்ளாமல் போகலாம். சுண்ணாம்பு கண்ணில் படுவது அவசரம். ஓடுகிற தண்ணீரில் இமையைப் பிரித்துவைத்து இருபது முப்பது நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று நல்ல தண்ணீர் தேடி நேரத்தை விடாதீர்கள், கிடைக்கிற சுத்தமான தண்ணீர் எதுவானாலும் சரி. ஒரு கேன் குடிதண்ணீர் மிஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். வெட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நல்ல பழக்கம்.

இனி உங்கள் கண். இந்த வாரமே ஒரு கண் டாக்டரைப் பாருங்கள். எரிச்சலுக்கு மட்டும் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வராமல், ‘லேசர் மிஷினில் வேலை செய்கிறேன், விழித்திரையையும் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விழித்திரை நிபுணரும் ஓ.சி.டி. ஸ்கேனும் வேண்டும் என்றால் மதுரைக்குப் போய்விடுவது சுலபம், அங்கே அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. ஓ.சி.டி. விழித்திரையை அடுக்கு அடுக்காகக் காட்டும். இப்போது ஒன்றும் இல்லை என்றாலும் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட அதுதான் உதவும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டம் போட்ட கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தில் நடுவில் புள்ளி வையுங்கள். ஒரு கண்ணை மூடி, படிக்கிற தூரத்தில் வைத்து, அந்தப் புள்ளியையே பாருங்கள். கோடுகள் எங்காவது வளைகிறதா, ஓர் இடம் மங்குகிறதா, காணாமல் போகிறதா? பிறகு மற்றக் கண். இரண்டையும் திறந்து பார்த்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது மூடிவிடும். ஓரத்தில் விழுந்த சின்ன ஓட்டையைக் கட்டமும் காட்டிக்கொடுக்காது, மூளை அதை நிரப்பிவிடும். இதில் கோளாறு தெரிந்தால் கண்டிப்பாக டாக்டரிடம் போக வேண்டும். கோளாறு தெரியாததைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்றைக்காவது சந்தேகமான அடி பட்டால், அதாவது திடீரென்று ஒரு மின்னல், கண்ணுக்குள் ‘டப்’ என்ற உணர்வு, பிறகு நடுவில் விலகாத ஒரு கறை, கண்ணைக் கசக்காதீர்கள், மருந்துக்கடைச் சொட்டு மருந்தும் வேண்டாம். மிஷினை அணைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம். விழித்திரையில் பட்ட சூட்டை முழுசாகத் திருப்பிக்கொடுக்கும் மருந்து கிடையாது. சில நேரம் வீக்கம் வடிந்து பார்வை கொஞ்சம் மீளும், நடுவில் துளை விழுந்திருந்தால் சிலருக்கு ஆபரேஷன் உதவும். எவ்வளவு மீளும் என்பதைச் சில வாரம் கழித்துத்தான் டாக்டர்களாலேயே சொல்ல முடியும். போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: ஃபைபரா நீலமா, 1064-ஆ 450-ஆ, எத்தனை வாட், எவ்வளவு தூரத்தில், எந்தக் கண், என்ன பொருளை வெட்டினீர்கள், மணி எத்தனை. அந்தக் காகிதத்தை இன்றே எழுதி, நேரத்தை மட்டும் காலியாக விட்டு, கடைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். உங்களுக்கு ஒன்று ஆனால் அதைப் படிக்கப் போவது அப்பாதானே, பெரிய எழுத்தில் எழுதுங்கள்.